வேலூர் வெயில் தாங்கும் உயிர்வேலி: சிறிய புழக்கடைக்குச் செடி தேர்ந்தெடுப்பது எப்படி?

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை பக்கங்களில் அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டியவர்களுக்குப் பின்புறம் மிஞ்சுவது, பெரும்பாலும் 5 அடி முதல் 10 அடி அகலமுள்ள ஒரு நீளத் துண்டு நிலம்தான். துணி துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கியாக வேண்டும். பக்கத்து மனையிலும் வீடு எழும்பிவிட்டால், வீட்டுப் பெண்கள் அங்கே நின்று நிம்மதியாகத் தலை உலர்த்தவோ, மாலையில் நாற்காலி போட்டு உட்காரவோ முடியாமல் போகிறது. மதிலை உயர்த்தினால் மறைவு கிடைக்கும். ஆனால் காற்று அடைபடும், பகல் முழுவதும் காய்ந்த சுவர் பொழுது சாய்ந்து வெகுநேரம் வரை அனலை வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். செடிகளால் ஆன வேலி பார்வையை மறைத்து, காற்றைக் குளிர்ந்து வரவிடும். சின்ன இடத்துக்கு அதுவே சிறந்த மறைப்பு.

புதிதாகத் தொடங்குபவர்கள் நர்சரிக்குப் போய், அங்கே அடர்ந்து நிற்கும் செடி ஒன்றைப் பார்த்து மனம் பறிகொடுத்து, பிறகு அதற்கு வீட்டில் இடம் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எந்தப் பார்வையை மறைக்க வேண்டும், எத்தனை அடி அகலத்தை வேலிக்கு விட்டுக்கொடுக்க முடியும், மே மாதத்தில் எத்தனை வாளித் தண்ணீர் தர முடியும் என்ற மூன்றுக்கும் வீட்டிலேயே விடை கண்டுவிட்டால், பொருந்தாத செடிகள் தாமாகவே விலகிவிடும்.

முதல் படி: மறைக்க வேண்டிய பார்வையை அளப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும். மற்றவர் ஒரு நீளமான சவுக்குக் கம்பின் நுனியில் வெள்ளைத் துணியைக் கட்டி, வேலி வரப்போகும் இடத்தில் நின்று, உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் எதிர்வீட்டுச் சன்னலுக்கும் நடுவில் துணி வந்து மறைக்கும் வரை கம்பை உயர்த்தட்டும். தரையிலிருந்து துணிவரை உள்ள அளவே வேலிக்குத் தேவையான உயரம். எதிரில் தரைத்தளம் மட்டும் இருந்தால் 6 அடிக்கு மேல் தேவைப்படுவது அரிது.

மாடிச் சன்னல் என்றால் கணக்கு மாறும். மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 16 அடி உயரத்திலும், உங்கள் நாற்காலியிலிருந்து 20 அடி தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண் 4 அடி உயரத்தில் இருக்கும். நாற்காலியிலிருந்து 8 அடி தள்ளி மதிலோரமாக வேலி வைத்தால், அது ஏறத்தாழ 9 அடி வளர்ந்தால்தான் மறைக்கும். அதே செடிகளை நாற்காலிக்கு 3 அடி தள்ளி வைத்தால் 6 அடியே போதும். ஆகவே மாடியிலிருந்து வரும் பார்வைக்கு எல்லை நெடுக உயரமான வேலி போடுவதை விட, உட்காரும் இடத்துக்கு அருகில் நான்கைந்து செடிகளை ஒரு திரையாக நடுவது மிகவும் எளிது. 30 அடி நீள எல்லை முழுவதையும் அடைக்க வேண்டும் என்பதில்லை. குளியலறை வாசல், துணிக்கொடி, உட்காரும் மூலை என்று எங்கே மறைவு வேண்டுமோ அங்கே மட்டும் அடர்த்தியாக வைத்தால் தண்ணீரும் மிச்சம், உழைப்பும் மிச்சம்.

இரண்டாம் படி: இடத்தையும் எல்லையையும் தெரிந்துகொள்வது

எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து உட்புறமாக அளந்து நூல் கட்டுங்கள். செடியை எல்லைக் கோட்டின் மேலேயே நட்டால், அதன் பாதி உடம்பு பக்கத்து மனையில்தான் வளரும். அண்டை வீட்டாரோடு மனத்தாங்கல் தொடங்குவது அங்கேதான். புதர்ச்செடி என்றால் எல்லையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உள்ளே தள்ளி நடுவதும், நடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நல்லது. மறுபுறத்தில் வளரும் கிளைகளை வெட்ட அவர்கள் வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் ஆகியவை போகும் வழியைத் தரையில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் அருகே மரமாக வளரும் எதுவும் கூடாது. தலைக்கு மேலே மின்கம்பி போனால் அங்கே வேலியின் உயரத்தை 6 அடியோடு நிறுத்திவிட வேண்டும்.

அகலத்தைப் பொறுத்து ஒரு பொதுவான அளவு சொல்லலாம். வேலிக்கு 3 அடி அகலம் ஒதுக்க முடிந்தால் புதர்ச்செடி வரிசை வைக்கலாம். 2 அடிதான் முடியும் என்றால் அடிக்கடி வெட்டுவதற்கு ஒத்துழைக்கும் செடி மட்டுமே சரிவரும். ஓர் அடிதான் உண்டு என்றால் புதர்ச்செடியை மறந்துவிட்டு, கம்பிவலையில் கொடி ஏற்றுவதே வழி.

மூன்றாம் படி: வெயிலும் தண்ணீரும்

2019-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டம் முழுவதிலும் கோடை கடுமையானது. ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகையைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. சுற்றிலும் உள்ள கருங்கல் குன்றுகளும் காங்கிரீட் தரையும் அந்த வெப்பத்தை இரவிலும் தணிய விடுவதில்லை. செடி தாங்க வேண்டியது இந்தச் சூட்டை.

மதிலின் நிழல் எங்கே விழுகிறது என்பதை ஒருநாள் காலை, உச்சிவேளை, மாலை என்று பார்த்துக்கொள்வது அவசியம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வேலூர் ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மார்கழி, தை மாதங்களில் முழு நிழலாகத் தெரியும் வீட்டின் வடபக்கம், அக்கினி நட்சத்திரத்தில் நேர் வெயிலில் காயும். குளிர்காலத்து நிழலை நம்பி, வெயில் தாங்காத செடியை அங்கே வைத்துவிடக் கூடாது.

தண்ணீரைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. முதலாவது அளவு. புதிதாக நட்ட புதர்ச்செடி ஒன்றுக்கு முதல் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் 5 லிட்டர் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், 30 அடிக்கு 2 அடி இடைவெளியில் நடும் 16 செடிகளுக்கு 80 லிட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீர் முறைவைத்து வரும் தெருவில், மே மாதத்தில் அது கிடைக்குமா என்பதை இப்போதே யோசித்துவிட வேண்டும். முடியாது என்றால் செடிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இரண்டாவது, தண்ணீரின் தன்மை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரங்களில் பாலாற்றோர நிலத்தடி நீர் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் கெட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் அளவுக்குப் போன பிரச்சினை அது. மற்ற இடங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பது உண்டு. வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு கட்டினால் உங்கள் தண்ணீர் கடினமானது என்று கொள்ளலாம். அந்தத் தண்ணீரில் இட்லிப்பூச் செடியின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி மஞ்சளாக வெளிறிப்போகும். நொச்சி, காகிதப்பூ, மருதாணி ஆகியவை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஐயம் இருந்தால் விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி, மண்ணையும் நீரையும் பரிசோதிப்பது பற்றிக் கேட்டுக்கொள்ளலாம்.

நான்காம் படி: செடியைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு செடியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் நந்தியாவட்டையைச் சொல்வேன். ஆண்டு முழுவதும் இலை உதிராமல் பளபளப்பாக நிற்கும்; அடியிலிருந்தே கிளை பிரியும்; வெட்ட வெட்ட அடர்ந்து வரும்; காலை வெயில் மட்டும் படும் இடத்திலும் தாங்கும்; பூசைக்குத் தினமும் பூவும் கிடைக்கும். 2 அடி இடைவெளியில் நட்டு, 6 அடி உயரத்திலும் இரண்டரை அடி அகலத்திலும் எளிதாகப் பராமரிக்கலாம். நர்சரியில் கேட்கும்போது, தொட்டிக்கென வளர்க்கப்படும் குட்டை வகையைத் தவிர்த்து, உயரமாக வளரும் ஒற்றைப் பூ வகையையோ அடுக்கு வகையையோ கேட்டு வாங்குங்கள். இது ஆடாதொடையைப் போல ஓராண்டில் எழும்பிவிடாது. ஆள் உயரம் வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் நட வேண்டும்.

இதற்கு வரும் முக்கியத் தொல்லை ஒருவகைப் பச்சைப் புழு. விரல் நீளத்துக்கு, இலையின் நிறத்திலேயே, கிளையோடு ஒட்டிக்கொண்டு இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. ஒரே இரவில் ஒரு கிளையின் இலைகள் காணாமல் போயிருக்கும். கீழே தரையில் மிளகளவு கரிய எச்சங்கள் சிதறிக் கிடக்கும். அந்த எச்சத்துக்கு நேர் மேலே உள்ள கிளையைத் திருப்பிப் பார்த்தால், தலைப்பக்கம் நீலநிறத்தில் இரண்டு கண் புள்ளிகளும் வாலில் ஒரு சிறு கொம்பும் கொண்ட புழு அங்கே இருக்கும். கொம்பைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது கொட்டாது. ஒரு குச்சியால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும், மருந்து தேவையில்லை. செடி மூன்று நான்கு வாரங்களில் மறுபடி தழைத்துவிடும்.

விரைவாக மறைவு வேண்டும், செலவும் கூடாது என்பவர்களுக்கு ஆடாதொடை. தெரிந்தவர் வீட்டிலிருந்து நான்கு கிளை வாங்கி வந்தால் முழு வேலிக்கும் குச்சி கிடைத்துவிடும். அகன்ற இலை என்பதால் சில செடிகளே நிறைய மறைக்கும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால், காலிமனையை ஒட்டிய பக்கத்துக்கு மிகவும் ஏற்றது. இருமலுக்குக் கஷாயம் வைக்க இலையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். விட்டுவிட்டால் அடித்தண்டு மொட்டையாகிவிடும் என்பது இதன் குறை. ஆண்டுக்கு ஒருமுறை மழை தொடங்கும்போது, மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டிவந்தால் அடியும் நிரம்பும், மறைவும் குறையாது.

மருதாணி நம் பக்கத்துத் தோட்டங்களுக்கு நெடுங்காலமாக வேலியாக இருந்துவரும் செடி. முழு வெயிலும் வறட்சியும் அதற்குப் பழக்கம். சிறிய இலை என்பதால் ஓர் அடி இடைவெளியில், முன்னும் பின்னுமாக இரட்டை வரிசையில் நட்டால்தான் பார்வை மறையும். முற்றிய கிளைகளில் முள் வைக்கும். ஆகவே குழந்தைகள் ஓடும் நடைபாதையை ஒட்டி வேண்டாம். தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாது, ஆனால் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். வேலிக்கு உயிர் மட்டும் போதாது, இலையும் வேண்டும் என்பதால், கோடையில் வாரம் இரண்டு முறையாவது தண்ணீர் காட்ட வேண்டும்.

செம்பருத்தியில் கலப்பின வகைகளை விட்டுவிட்டு, நாட்டுச் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர் தாராளமாக உள்ள வீட்டுக்கே அது பொருந்தும். மாவுப்பூச்சியும் அதைத் தேடி வரும். 2008-இல் கோவைப் பகுதியில் முதலில் தென்பட்டுத் தமிழ்நாடெங்கும் பரவிய பப்பாளி மாவுப்பூச்சி, செம்பருத்தி வேலிகளையும் விடவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒரே இனத்தால் வேலி முழுவதையும் அமைப்பது ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நந்தியாவட்டை மூன்று, செம்பருத்தி ஒன்று, மறுபடி நந்தியாவட்டை மூன்று என்று கலந்து வைத்தால், ஒன்றுக்கு நோய் வந்தாலும் வேலியில் பெரிய ஓட்டை விழாது.

8 அடிக்கு மேல் உயரம் தேவைப்படும் மூலைக்கு நொச்சி பொருந்தும். அதன் இலை மெல்லியது என்பதால் முன்னால் ஒரு புதர் வரிசை இருப்பது நல்லது. வரிசையின் இறுதியில் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு இடம் கொடுங்கள். அடியிலிருந்து பக்கக் கன்றுகள் முளைத்துத் தானே புதராகும். சமையலுக்குக் கொத்துக் கொத்தாக ஒடிப்பதே அதற்கான கவாத்து, அதாவது கிளை வெட்டிவிடும் வேலை.

ஓர் அடி அகலமே உள்ளவர்கள், 8 அடிக் கல்தூண்களை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, அவற்றுக்கு நடுவே கம்பிவலை கட்டிக் கொடி ஏற்றலாம். நம் ஊரில் கல்தூணுக்குப் பஞ்சமில்லை. இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. முழு வெயில் என்றால் காகிதப்பூவும், அரை நிழல் என்றால் முல்லையும் வைக்கலாம். ரங்கூன் மல்லி மிக வேகமாக மூடும், ஆனால் கனம் அதிகம். உறுதியான தூண் இருந்தால் மட்டும் அதை நினையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

அரளியை நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் பார்த்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள். வெயிலுக்கு அதைப்போலத் தாங்கும் செடி குறைவுதான். ஆனால் வேர் முதல் பூ வரை எல்லாம் நஞ்சு. மஞ்சள் அரளியின் கொட்டை இன்னும் கொடியது. குழந்தைகளும் கறவை மாடும் உள்ள வீட்டில் இரண்டுமே கூடாது. திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. துரந்தாவின் மஞ்சள் காய்களும் நஞ்சுள்ளவை.

கோனோகார்பஸ் விரைவில் பச்சைச் சுவராக நிற்கும் என்று சொல்லி விற்பார்கள். அதன் வேர் நிலத்தடிக் குழாய்களைத் தேடிப் போகும். மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும் என்ற புகாரும் சேர்ந்து, 2023-இல் குஜராத் அரசு அதை நடுவதற்கே தடை விதித்தது. ஆல், அரசு இனத்தைச் சேர்ந்த பைக்கஸ் வகைகளின் வேரும் மதிலைப் பிளக்கும். கொடுக்காப்புளி வயலுக்கு அருமையான வேலி, புழக்கடைக்கு அளவு மீறியது. நெட்டிலிங்கத்தை 10 அடியில் தலைவெட்டிக்கொண்டே இருக்க முடியுமானால் வைக்கலாம். விட்டால் உயரே போய், நமக்கு மறைவு தேவைப்படும் அடிப்பகுதியில் வெறும் தண்டுதான் நிற்கும்.

ஐந்தாம் படி: நடுவது

ஆடி, ஆவணியில் நடுவதே நம் வட்டாரத்துக்குச் சரி. தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையில் வேர் பிடித்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைகொண்டு, பங்குனி வெயில் வருவதற்குள் செடிக்கு ஆறேழு மாதம் கிடைத்துவிடும். மாசிக்குப் பிறகு நடாதீர்கள். நர்சரிக்காரர் என்ன சொன்னாலும் அடுத்த ஆடி வரை பொறுத்திருங்கள்.

தனித்தனிக் குழிகளை விட, ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள ஒரே நீளப் பள்ளமாகத் தோண்டுவது நல்லது. வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட் கட்டிகளும் ஜல்லியும் புழக்கடை மண்ணில் நிச்சயம் இருக்கும். அவற்றைப் பொறுக்கி எறியுங்கள். மண்ணைக் காரமாக்கி, இலையை வெளிறச் செய்பவை அவைதாம். இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து, செடிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்குச் சேர்த்துப் பள்ளத்தை நிரப்பி, தண்ணீர் விட்டு ஒரு வாரம் படிய விடுங்கள்.

நர்சரியில் 5 அடி உயரத்தில் ஒற்றைத் தண்டாக நிற்கும் செடியை விட, ஒன்றரை அடியில் நான்கு கிளையோடு இருப்பதே மேல். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, பஞ்சு போன்ற வெள்ளைப் பூச்சி இருந்தால் விட்டுவிடுங்கள். குச்சி வைத்து வளர்ப்பதானால் பென்சில் பருமனில், முற்றியும் முற்றாததுமான கிளையை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றிவிடாமல் இருக்க, அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிக்கொள்வது வழக்கம். பத்துச் செடி வேண்டுமென்றால் பதினைந்து குச்சி வையுங்கள்.

செடி வளரும்வரை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தென்னங்கீற்றுத் தட்டியே பதில். பச்சை நிழல்வலையும் கட்டலாம். ஆடியில் அந்த வலையோரமாகப் பந்தல் அவரையை ஊன்றிவிட்டால், தை வரை மறைவுக்கு மறைவும் குழம்புக்குக் காயும் கிடைக்கும். கொடி இளஞ்செடிகளின் மேல் படராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: முதல் கவாத்தும் முதல் கோடையும்

செடி வேர் பிடித்துப் புதுத்தளிர் விட்டதும், ஓர் அடி உயரத்திலேயே நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வளரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்ட வேலிகளில்தான் மேலே குடையும் கீழே சந்தும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு முறை அரை அடி வளரும்போதும் அதில் பாதியை வெட்டிவாருங்கள். வேலியின் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்க வேண்டும். தலை அகன்றால் அதன் நிழலிலேயே அடி இலைகள் உதிர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டினால் உள்கிளைகள் வெயிலில் கருகும்.

பங்குனி பிறந்ததும் வேரடியில் 3 அங்குலக் கனத்துக்கு மூடாக்கு இடுங்கள். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் கிடைக்கும் நிலக்கடலைத் தோல் இதற்கு நன்றாக இருக்கும். கரும்புச் சோகையும் ஆகும். கரையான் ஏறாதபடி தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விட்டுப் பரப்புங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதை விட, ஒருநாள் விட்டு ஒருநாள் மாலையில் வேர்வரை இறங்கும்படி ஊற்றுவதே வேரைக் கீழே இழுக்கும். அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் எல்லாம் ஊற்றலாம். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் கழிவுநீரில் உப்புக் கூடுதல் என்பதால், அதை நொச்சிக்கு மட்டும் அளவாகக் கொடுங்கள்.

பாம்புப் பயம் உள்ள வீடுகளில், வேலியின் அடியில் அரை அடி உயரத்துக்குக் கிளைகளை நீக்கி, தரை தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் மூடாக்கைக் கோடை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

முதல் கோடையில் ஒன்றிரண்டு செடி போவது இயல்பு. அந்த இடத்தில் உடனே வேறு செடியை வாங்கி வைக்காமல், குழியில் தொழு உரம் போட்டு ஆறவிட்டு, ஆடி மழை இறங்கியதும் அதே வேலியின் நன்றாக வந்த செடியிலிருந்து இரண்டு குச்சிகளை வெட்டி அங்கே ஊன்றுங்கள்.